மூச்சு நன்றாக இருக்கும் நாளில் இன்ஹேலர் எதற்கு? நாள்பட்ட நுரையீரல் நோயும் விட்டுப்போகும் மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஆஸ்துமா, சிஓபிடி (மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்), காசநோய் குணமான பிறகும் விடாத இளைப்பு என்று வருடக்கணக்கில் மருந்து வாங்குபவர்கள் தினமும் வருகிறார்கள். நகரத்துக்காரர்களும் உண்டு, ஏற்காட்டிலிருந்து மலை இறங்கி வருபவர்களும் உண்டு. சிலர் இரண்டு மாதம் ஒழுங்காக வாங்குவார்கள். மூன்றாம் மாதம் வர மாட்டார்கள். பிறகு ஐப்பசி மழையிலோ மார்கழிப் பனியிலோ மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகச் செய்தி வரும். இவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்தை விட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் பேசித் தீர்க்கக்கூடியது. கவுன்டரில் நின்று கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை வேளை என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவான மருந்தை விடாமல் எடுப்பது பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

இப்போது மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. இன்றும் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதிலே "நன்றாகிவிட்டது, அதனால் விட்டுவிட்டேன்" என்பதுதான். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சரியாகப் பொருந்தும் பழக்கம் இது. நாள்பட்ட நோய்க்குப் பொருந்தாது.

இன்ஹேலர்களில் இரண்டு வகை உண்டு. சால்பூட்டமால் போன்றவை அவசரத்துக்கு. இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு லேசாகும், நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். இரண்டாவது வகை தினசரி மருந்து. புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் குழாயின் உட்சுவர் வீக்கத்தை மெல்ல வற்ற வைக்கும். பலன் முழுதாகத் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். டயோட்ரோபியம் ஒரு முறை எடுத்தால் 24 மணி நேரம் குழாயைத் திறந்து வைத்திருக்கும். உறிஞ்சியதும் சுகம் தெரிகிற மருந்தை நம்புவதும், எதுவுமே தெரியாத மருந்தை வீண் செலவு என்று நினைப்பதும் யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் உங்களுக்கு "நல்ல நாள்" கிடைத்திருப்பதே அந்தத் தெரியாத மருந்தால் இருக்கலாம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவையை மழைக்கு முன்பே, இலை பச்சையாக இருக்கும்போதே தெளிக்கிறார்கள். துரு ஏறி இலை கொட்டத் தொடங்கிய பிறகு தெளித்துப் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தினசரி இன்ஹேலரும் அப்படித்தான் என்றால் உடனே தலையசைக்கிறார்கள்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல், சால்பூட்டமாலை மட்டுமே தனியாக நம்பி இருக்கும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்க, மேலே மட்டும் இளைப்பை அடக்கி அடக்கி, ஒருநாள் பெரிய தாக்குதல் வந்துவிடும். உங்களிடம் சால்பூட்டமால் மட்டும்தான் இருக்கிறது என்றால், மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆஸ்துமாவும் சிஓபிடியும் ஒன்றா?

இரண்டிலும் மூச்சுக்குழாய் சுருங்குகிறது, இரண்டிலும் வீசிங் வரும். ஆனால் ஆஸ்துமாவில் சுருக்கம் வந்து போகும், சிறுவயதிலேயே தொடங்கலாம். சிஓபிடியில் குழாயும் காற்றுப்பைகளும் நிரந்தரமாகச் சேதமடைகின்றன. பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடிப்படை. சிஓபிடிக்குக் குழாயை விரிக்கும் மருந்துகள் அடிப்படை. ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவைப்படாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் இன்ஹேலரை வாங்கி எடுக்காதீர்கள்.

பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. எனக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெண்கள் அதிகம். முப்பது வருடம் விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்த நுரையீரலுக்கு பீடி தேவையில்லை. ஓமலூர் பக்கம் வெல்ல ஆலையில் கரும்புச் சக்கையை அடுப்பில் தள்ளுபவர், விசைத்தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசியில் நாள் முழுவதும் நிற்பவர், வெள்ளிப் பட்டறையில் உருக்கும் புகையைச் சுவாசிப்பவர், வெள்ளைக்கல் சுரங்கத்தில் தூசியோடு வேலை பார்த்தவர் எல்லோரும் தங்கள் தொழிலை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பு காசநோய் வந்து போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது விட்டுச்செல்லும் தழும்பும் இளைப்பைத் தரும். இந்தியாவில் சிஓபிடி உள்ளவர்கள் 1990இல் சுமார் 2.81 கோடி, 2016இல் சுமார் 5.53 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒருவரின் கெட்ட பழக்கத்தால் வந்த நோய் என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கை இல்லை இது. "பீடி குடித்தாயா" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வதால் பல பெண்களுக்கு நோய் கண்டுபிடிக்கப்படாமலேயே போகிறது என்பது என் வருத்தம்.

இன்ஹேலர் பழகிவிட்டால் ஆயுள் முழுக்க விட முடியாதாமே?

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இன்ஹேலர் வேண்டாம் என்று மறுத்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு "கடைசி மருந்து" கொடுத்துவிட்டார்களே என்று அழுத தகப்பனையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது, பதில் சொல்ல வேண்டும்.

இன்ஹேலர் மருந்துக்கு அடிமையாக்கும் குணம் கிடையாது. நீண்ட நாள் எடுப்பது நோய் நீண்ட நாள் இருப்பதால். சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் யாரும் போதை என்று சொல்வதில்லையே. நோயின் கடைசிக் கட்டத்தில் மட்டும் தரும் மருந்தும் இல்லை. தொடக்கத்திலேயே தர வேண்டிய மருந்து அதுதான். அளவைப் பாருங்கள். சால்பூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்தம் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேராக அங்கேயே போகிறது, அதனால்தான் கொஞ்சம் போதும். ஆஸ்துமா நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் மருத்துவரே அளவைக் குறைப்பார். நீங்களாகக் குறைத்தால் எந்த அளவில் மறுபடி வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஊசி போட்டால் உடனே சரியாகிறது. பிறகு இன்ஹேலர் எதற்கு?

சரியாகிறது என்பது உண்மைதான். அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிஃபிலினும். கடுமையான தாக்குதலில் ஸ்டீராய்டு உயிரைக் காக்கும் மருந்து. சிஓபிடி திடீரென முற்றும்போது ஐந்து நாள் மாத்திரை கொடுப்பதும் முறையான சிகிச்சைதான். ஆனால் மாதாமாதம் ஊசி, சீட்டு இல்லாமல் "இளைப்பு மாத்திரை" என்று வாங்கி வாயில் போடுவது வேறு கதை. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், முகம் உப்பும். பல மாதம் எடுத்தவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. இன்ஹேலரில் உள்ள "ஸ்டீராய்டு" என்ற பெயருக்குப் பயந்து அதை விட்டவர்கள், பல மடங்கு ஸ்டீராய்டை ஊசியிலும் மாத்திரையிலும் வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை.

நான் ஒரு வேளைகூட விடவில்லை. ஆனாலும் பலன் இல்லையே?

அப்படியென்றால் உங்கள் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் ஒருமுறை உறிஞ்சிக் காட்டுங்கள் என்பேன். எந்த மருந்தாளுநரிடமும், செவிலியரிடமும் நீங்கள் இதைக் கேட்கலாம். 1975 முதல் 2014 வரை நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சரியாக இன்ஹேலர் எடுத்தவர்கள் 31 விழுக்காடு மட்டுமே. நாற்பது ஆண்டுகளில் அது முன்னேறவும் இல்லை. இதில் நோயாளியின் குற்றம் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்க யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

கொட்டச்சேடு பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா. சொன்னபடி காலை, இரவு தவறாமல் எடுப்பவர். கையில் ரோட்டாஹேலர், கேப்சூலில் உள்ள தூளை உறிஞ்சும் கருவி. கேப்சூலைச் செருகினார், திருப்பினார், வாயில் வைத்தார். உறிஞ்சுவதற்கு முன் ஒரு பெரிய மூச்சைக் கருவிக்குள்ளேயே ஊதினார். தூள் ஈரமாகி அடியில் ஒட்டிக்கொண்டது. பிறகு டீ உறிஞ்சுவதுபோல மெதுவாக இழுத்தார். திறந்து பார்த்தால் பாதித் தூள் அப்படியே இருந்தது. அதுவரை அவருக்கு டோஸைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள்.

தூள் வகைக் கருவிகளுக்கு வேகம் வேண்டும். முதலில் மூச்சை வெளியே, கருவியை விட்டு முகத்தைத் திருப்பி விடுங்கள். உதட்டை இறுக்கி மூடி, பலமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். உள்ளே தூள் மிஞ்சியிருந்தால் மறுபடி இழுங்கள். கேப்சூலை விழுங்கக் கூடாது. விழுங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேப்சூல் என்றால் விழுங்குவதுதானே என்ற அவர்கள் எண்ணத்தில் தவறில்லை. கொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டும்.

அழுத்தும் பம்ப் வகை இதற்கு நேர் எதிர். நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுவதும் விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, தொடர்ந்து மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இரண்டாவது அழுத்தத்துக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடி குலுக்குங்கள். கையும் மூச்சும் ஒத்துழைக்காதவர்களுக்கு பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் இருக்கிறது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது இல்லாமல் பம்ப் கொடுப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. மருந்து தொண்டையில்தான் படியும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல்: போன மாதம் ஒரு கருவி, இந்த மாதம் கையிருப்பில் இருக்கும் வேறு கருவி. ஒன்றை மெதுவாக, மற்றதை வேகமாக இழுக்க வேண்டும் என்றால் குழம்பாதவர் யார்? கருவி மாறினால் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

ஏற்காட்டில் இருக்கிறோம். பனியில் மருந்து கெட்டுவிடுமா?

பம்புக்குப் பெரிய பாதிப்பு இல்லை. குளிர்ந்த காலையில் வேகம் குறைவாக வந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு எடுங்கள். தூள் கேப்சூலுக்குத்தான் ஈரம் பகை. குப்பியிலிருந்து ஒரு வாரத்துக்கானதைத் தனியே எடுத்து வேறு டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். வேளைக்கு ஒன்றை எடுத்து, மூடியை உடனே இறுக்குங்கள். அட்டையில் வருவதை எடுக்கும் நேரத்தில் மட்டும் கிழியுங்கள். கேப்சூல் பிசுபிசுத்தோ நெளிந்தோ இருந்தால் அது வேண்டாம். ஜன்னலோரத்திலும், தண்ணீர் கொதிக்கும் அடுப்பு பக்கத்திலும் வைக்காதீர்கள்.

கீழே சேலத்தில் பிரச்சினை வெயில். சித்திரையில் பைக் பெட்டிக்குள் பம்பை விட்டுச் செல்லாதீர்கள். அழுத்தத்தில் அடைத்த டப்பா அது.

பம்பில் மருந்து இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வழக்கத்தை நம்பாதீர்கள். குலுக்கினால் சத்தம் கேட்கிறதே என்பதும் சான்றல்ல, மருந்து தீர்ந்த பிறகும் வாயு மிச்சமிருக்கும். எண்ணிக்கை காட்டும் பம்ப் என்றால் அந்த எண்தான் கணக்கு. எண் இல்லாவிட்டால், 200 அழுத்தம் உள்ள பம்பைத் தினம் நான்கு வீதம் எடுத்தால் 50 நாள். திறந்த தேதியைப் பம்பின் மேலேயே எழுதி வையுங்கள்.

மறந்துபோகிறேன். என்ன செய்வது?

ஏற்கனவே விடாமல் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். பல் துலக்குவதற்கு முன் என்பது என் யோசனை. மருந்தை உறிஞ்சிவிட்டுப் பல் துலக்கினால் வாயும் கொப்பளித்தாகிவிடும். காபி பறிக்கும் பருவத்தில் விடியுமுன் கிளம்புபவர்கள், வீட்டில் விளக்குப் போட்டதும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் எடுங்கள், இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள். இரண்டு வேளை என்பதே கஷ்டமாக இருந்தால் ஒரு வேளை மருந்தாக மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்து விலை கட்டுப்படியாகவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா?

இதை என்னிடம் சொல்பவர்களைவிடச் சொல்லாமல் செய்பவர்கள் அதிகம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் மருந்துக்கும் காசு போகும், எதிர்பார்த்த பலனும் கிடைக்காது. அதற்குப் பதில் இதையெல்லாம் செய்து பாருங்கள்.

அரசு மருத்துவமனைகளில் இளைப்பு மருந்துகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளலாம். மலையில் இருப்பவர்கள் ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் கேளுங்கள், ஒவ்வொரு முறையும் மலை இறங்க வேண்டியிராது. வெளியே வாங்குபவர்களுக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் உண்டு. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்களும் திறக்கப்பட்டன. அங்கே பொதுப்பெயர் மருந்துகள் விலை குறைவு. உங்கள் மருந்துச்சீட்டோடு போய் எது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, கருவி மாறுகிறதா என்பதையும் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்கள் முக்கியமாக ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும்தான் மருந்து தருகிறார்கள். ஆனாலும் வந்தவரிடம் இளைப்பைப் பற்றிச் சொல்லி வையுங்கள்.

மருந்து இலவசமாகவே இருந்தாலும் செலவு தீர்வதில்லை. நாகலூரிலிருந்தோ செம்மடுவிலிருந்தோ ஒருவர் சேலம் வந்து போவதென்றால் பஸ் கட்டணம், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றல், எல்லாவற்றுக்கும் மேல் ஒருநாள் கூலி. நிலைமை சீராக இருப்பவருக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். மருத்துவர்களும் இதைத் தாங்களாகவே யோசிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

சரியாக எடுக்கவில்லை என்றால் டாக்டர் திட்டுவார். எடுத்ததாகச் சொல்லிவிடுகிறேன். தவறா?

உங்களைப்போல உலகம் முழுவதும் செய்கிறார்கள். வசதியான நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் சுமார் பாதிப்பேர்தான் மருந்தை முறையாக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2003இல் எழுதியது. 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் வியப்பானது. சிஓபிடியின் தொடக்க நிலையில் இருந்த புகைப்பவர்களின் இன்ஹேலரோடு, எந்த நேரத்தில் எத்தனை முறை அழுத்தினார்கள் என்று பதியும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். சுமார் 14 விழுக்காட்டினர் மூன்று மணி நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் அழுத்தியிருந்தார்கள், பெரும்பாலும் பரிசோதனைக்குப் போகும் நாளையொட்டி. நல்ல நோயாளி என்று பெயர் வாங்க, மருந்தைக் காற்றில் கொட்டியிருக்கிறார்கள்.

பொய்யால் வரும் கேடு உங்களுக்குத்தான். நீங்கள் எடுத்தீர்கள் என்று நம்பும் மருத்துவர், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவார். டோஸ் ஏறும், புதிய மாத்திரை சேரும், தேவையில்லாத பரிசோதனை வரும். "வாரத்தில் நான்கு நாள்தான் எடுத்தேன்" என்ற ஒரு வரி அவ்வளவையும் மிச்சப்படுத்தும். திட்டினால்? திட்டுவது மருத்துவம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். திட்டு வாங்கிய நோயாளி அடுத்தமுறை உண்மையை மறைக்கிறார், அல்லது வருவதையே நிறுத்துகிறார். மருத்துவரிடம் சொல்லத் தயக்கம் இருந்தால் செவிலியரிடமோ மருந்து கொடுப்பவரிடமோ சொல்லுங்கள்.

ஒழுங்காக எடுத்தால் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியுமா?

டார்ச் என்ற பெரிய சிஓபிடி ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்று ஆண்டு கவனித்தார்கள். மருந்தை முறையாக எடுத்தவர்களில் 11.3 விழுக்காட்டினரும், சரியாக எடுக்காதவர்களில் 26.4 விழுக்காட்டினரும் அந்தக் காலத்தில் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வதும் முறையாக எடுத்தவர்களிடம் குறைவு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. மருந்தில்லாத போலி இன்ஹேலர் பெற்ற பிரிவிலும் இதே போக்குதான் தெரிந்தது. அதாவது, வித்தியாசம் முழுவதும் மருந்தால் வந்ததல்ல. வேளை தவறாமல் எடுப்பவர் தடுப்பூசி போடுவார், நடப்பார், இளைப்பு கூடினால் சீக்கிரம் மருத்துவரைப் பார்ப்பார். அதுவும் சேர்ந்துதான் அந்த எண். மருந்தை விடுவது, மற்றவற்றையும் கைவிடத் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். அதனால்தான் மருந்து வாங்க வராதவரைத் தேடி விசாரிக்க வேண்டும் என்கிறேன்.

பீடியை விட முடியவில்லை. பிறகு இன்ஹேலர் எடுத்து என்ன பயன்?

பயன் இருக்கிறது, நிறுத்தாதீர்கள். பீடியை விடுவதைவிடப் பெரிய மருந்து சிஓபிடிக்கு இல்லை என்பது உண்மை. அதற்காக, விடும்வரை மருந்தும் வேண்டாம் என்பது தண்டனையாகிவிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புகைப்பவரின் உடம்பு அந்த மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றும்; பீடியை நிறுத்தியதும் அது ரத்தத்தில் தேங்கும். வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை வந்தால் "பீடியை விட்டதால் உடம்பு கெட்டது" என்று மறுபடி பற்றவைக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லி மாத்திரையைக் குறையுங்கள்.

வாயில் வெள்ளையாகப் படிகிறது, கை நடுங்குகிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். வெள்ளைப் படிவமும் குரல் கம்முவதும் ஸ்டீராய்டு தொண்டையில் தங்குவதால் வருபவை. ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பினால், ஸ்பேசர் பயன்படுத்தினால் பெரும்பாலும் வராது. வந்தாலும் எளிய மருந்து இருக்கிறது. சால்பூட்டமாலால் வரும் கை நடுக்கமும் படபடப்பும் சிறிது நேரத்தில் அடங்கும், அடங்காவிட்டால் சொல்லுங்கள். டயோட்ரோபியம் எடுக்கும் முதியவர்களுக்கு வாய் உலரும். சிறுநீர் கழிக்கச் சிரமம், கண்ணில் வலி, பார்வை மங்கல் ஏற்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆடாதொடைக் கஷாயம் குடிக்கிறோம். இன்ஹேலரை விடலாமா?

ஆடாதொடையை நான் குறைத்துப் பேசமாட்டேன். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து, ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவானதுதான். தூதுவளை ரசமும் குடியுங்கள். ஆனால் சளி இளகுவதும், மூச்சுக்குழாய் வீக்கம் குறைவதும் வேறு வேறு வேலைகள். இன்ஹேலரோடு சேர்த்துக் குடிக்கலாம், அதற்குப் பதிலாகக் கூடாது. என்ன குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பெயரில்லாத "இளைப்புப் பொடி" எதையும் வாங்காதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

விரதத்திலும் ரமலான் நோன்பிலும் என்ன செய்வது?

தினசரி மருந்தை விரத நாளிலும் எடுங்கள். நோன்பிருப்பவர்கள், இரண்டு வேளை மருந்தை சஹர் நேரத்துக்கும் இஃப்தார் நேரத்துக்கும் மாற்றிக்கொள்ள முடியும். மாற்றும்முன் மருத்துவரிடம் கேளுங்கள். இளைப்பு வந்துவிட்டால் அவசர இன்ஹேலரை உடனே எடுங்கள்.

மருந்தை ஆவிபோல மாற்றித் தரும் நெபுலைசர் மிஷினை வீட்டிலேயே வாங்கிவிடலாமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஸ்பேசரோடு பம்பைச் சரியாக எடுத்தால் மிஷின் அளவுக்கு வேலை செய்யும். மின்சாரம் வேண்டாம், கைப்பையில் அடங்கும். மிஷின் வைத்திருப்பவர்கள் குப்பியையும் முகமூடியையும் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமிதான் உள்ளே போகும். மருத்துவர் அவசியம் என்று சொன்னவர்களுக்கு இது பொருந்தாது.

அப்பாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் வைத்தால் போதாதா?

ஓய்வாக இருக்கும்போதே ஆக்சிஜன் அளவு 88 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் பொதுவாக இதை எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாளில் 15 மணி நேரமாவது வைக்க வேண்டும். இரவுத் தூக்கத்தையும் சேர்த்தால் கணக்கு வந்துவிடும். குழாயைத் திருப்பி அளவைக் கூட்டாதீர்கள். சிஓபிடியில் அதிக ஆக்சிஜனும் ஆபத்து. அருகில் விறகடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். விரலில் மாட்டும் கருவி அங்கே சேலத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். தீவிர நோயுள்ளவர்கள் மலைக்குச் சுற்றுலா போகுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது 108ஐ அழைக்க வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடோ நகமோ நீலமானால், அவசர இன்ஹேலர் எடுத்தும் குறையாவிட்டால், தூக்கக் கலக்கமோ குழப்பமோ வந்தால் உடனே அழையுங்கள். மலைக்கிராமங்களில் வண்டி வந்து சேர நேரமாகும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சளி நிறம் மாறுவது, வழக்கத்தைவிட இளைப்பு கூடுவது போன்றவை தெரிந்த அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அப்பா மருந்தை எடுக்க மறுக்கிறார். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. என்ன செய்வது?

சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். "ஏன்ப்பா எடுக்கவில்லை?" என்பதைவிட "இதில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் வரும். விரல் மூட்டு வலியால் பம்பை அழுத்த முடியவில்லை என்பார். பேரப்பிள்ளைகள் முன்னால் உறிஞ்ச வெட்கமாக இருக்கிறது என்பார். மகனுக்கு எவ்வளவு செலவு வைப்பது என்பார். முதல் பதிலுக்குக் கருவியை மாற்றலாம், இரண்டாவதற்கு அறையில் ஓர் இடம் ஒதுக்கலாம், மூன்றாவதற்கு அரசு மருத்துவமனைச் சீட்டு போதும்.

சில சமயம் "போதும்ப்பா, இன்னும் எத்தனை நாள்" என்ற பதில் வரும். அதைக் கிழவனாரின் பிடிவாதம் என்று கடந்துபோகாதீர்கள். சிஓபிடி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு சாதாரணமாக வருகிறது. மூச்சு வாங்குமே என்று வெளியே போவதை நிறுத்தி, டீக்கடைப் பேச்சை இழந்து, திண்ணையோடு ஒடுங்கியவருக்கு மருந்து எதற்கு என்று தோன்றத்தான் செய்யும். அதற்கும் சிகிச்சை உண்டு. அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் உள்ள எல்லா இன்ஹேலர்களையும், மாத்திரை அட்டைகளையும், காலியானவற்றையும்கூட ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அப்பா எப்படி உறிஞ்சுகிறார் என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். அவருடைய தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றி நீங்கள் சொல்லத் தொடங்குங்கள், மீதியை அவரே சொல்லட்டும்.